பத்து முப்பத்திரண்டு மணிப் படம்

பிரிசில்லாவின் வீட்டை ஒரு வருஷமும் இரண்டு மாதமும் நான் மேலேயிருந்து பார்த்தேன். தினமும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் வேலை கிடக்க, ஆபீஸில் அவசரம் என்று பொய் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தேன். பாசத்தால் பார்க்கவில்லை, வயிற்றெரிச்சலால் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு ஊரில் என்னைப் பற்றி வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். பேப்பரில்கூட வந்தது.

என் பெயர் சண்முகவடிவு. வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறுமுகநேரி உப்பளங்களைத் தாண்டி, திருச்செந்தூர் சாலையில் 'முந்நீர்' என்று ஒரு கம்பெனி இருக்கிறது. அங்கே பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். செயற்கைக்கோள் செய்கிற கம்பெனி. பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் கோள் ஒன்று வீட்டு ஃப்ரிட்ஜ் அளவுதான் இருக்கும். குலசையிலிருந்து ராக்கெட்டில் ஏற்றி அனுப்புவோம். மேலே நாற்பத்தெட்டு சுற்றுகின்றன. அவை பூமியைப் படம் எடுக்கும். அந்தப் படங்களை இன்ஷூரன்ஸ்காரர், பாங்க்காரர், கப்பல்காரர், உரக் கம்பெனிக்காரர் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் விற்போம். படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் நாலு விரல் அகலம். மாடு நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

மனிதர்களையும் பார்க்கலாம். அதனால்தான் சட்டம் போட்டார்கள். விற்கிற படத்தில் ஆள் இருக்கக் கூடாது. படம் கீழே இறங்கியதும் ஒரு மென்பொருள் ஆட்களைத் தேடித் தேடி அழித்துவிட்டு, அந்த இடத்தில் பக்கத்து மண்ணை இட்டு நிரப்பிவிடும். வாடிக்கையாளர் பார்க்கிற திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரத்தன்றுகூட ஈ காக்கை இருக்காது. அழிப்பதற்கு முந்தின படத்தைப் பார்க்கிற உரிமை படத் தரப் பிரிவுக்கு மட்டும் உண்டு. படம் மங்குகிறதா, கண்ணாடி பிசகியிருக்கிறதா என்று நாங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவில் மூத்தவள் நான்.

நானும் பிரிசில்லாவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேரும் கண்ணாடி அறையில். கோளின் கண் என்பது ஒரு குழிந்த கண்ணாடி. அதை மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகாமல் தேய்த்தெடுக்க வேண்டும். மெஷின் ஓரளவுக்குத்தான் வரும், கடைசித் தேய்ப்பு கையால்தான். ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் தேய்த்தோம். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். என் கல்யாணத்தன்று எனக்குச் சேலை கட்டிவிட்டவள் அவள். அப்புறம் அந்த அறைக்குத் தலைமைப் பதவி ஒன்று வந்தது. என் கை அவள் கையைவிட நல்ல கை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அளந்து பார்த்தபோது அவள் கண்ணாடியில் பிசகு குறைவு. அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்குக் கீழே வேலை பார்ப்பதா என்று நான் தரப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மூன்று மாதம் சரியான தூக்கம் இல்லை.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். சில வருஷம் அந்த நாற்காலியில் இருந்துவிட்டு, ஒருநாள் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் மகராசி. நான் எதற்காகப் புழுங்கிச் செத்தேனோ அதை அவள் பழைய செருப்பு மாதிரிக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாள். கேட்டதற்கு, குதிரைமொழித் தேரியில் மூன்று ஏக்கர் வாங்கியிருக்கிறோம், முருங்கை போடப் போகிறேன் என்றாள். தேரி என்றால் செம்மணல் மேடு. எங்கள் ஜில்லாவில் காடாகக் கிடக்கிறது, காற்றடித்தால் மேடு இடம் மாறும். அவள் வீட்டுக்காரர் ஜெபராஜ் கப்பலில் எஞ்சினியர். கப்பல் சம்பளம் வருகிறவளுக்கு மணலில் விளையாட ஆசை வந்திருக்கிறது என்று நான் கேன்டீனில் சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கோள் மேலே போய் முதன்முதலாகக் கண் திறக்கும்போது எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அதன் கண்ணாடியைத் தேய்த்தவர் சொல்லலாம். பெரும்பாலும் தங்கள் வீட்டைத்தான் சொல்வார்கள். குடும்பமே மொட்டைமாடியில் நின்று வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரிசில்லா கடைசியாகத் தேய்த்த கண்ணாடி, அவள் போய் நாலு மாதம் கழித்து மேலே போனது. அவள் எழுதி வைத்துவிட்டுப் போன இடம் அந்த மூன்று ஏக்கர்தான். முதல் படத்தைச் சோதிக்கிற வேலை எனக்கு. காலை பத்து முப்பத்திரண்டுக்கு எடுத்த படம். செக்கச்செவேலென்று மணல், நடுவில் ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு முந்திரி மரம், முற்றத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர். நாய்க்குட்டியின் வால்கூடத் தெரிந்தது. 'மிகத் துல்லியம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், வேறு என்ன எழுதுவது.

மறுநாள் அதே நேரத்துக்கு அந்தக் கோள் மறுபடி வந்தது. வேலையைச் சாக்கு வைத்து மறுபடி பார்த்தேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. பத்து முப்பத்திரண்டு ஆனால் கை தானாக அந்த இடத்தைத் திறக்கும். பதினோரு நிமிஷம் பார்ப்பேன். அதற்கு மேல் பார்த்தால் பக்கத்து மேஜைக்காரர்கள் கவனித்துவிடுவார்கள். வரிசை வரிசையாக முருங்கைக் கன்று வைத்தாள், இருநூற்றுப் பத்து. எண்ணினேன். நீலத் தண்ணீர்த் தொட்டி வந்தது. கொஞ்ச நாளில் ஆண் உருவத்தைக் காணவில்லை. ஜெபராஜ் கப்பலுக்குப் போய்விட்டார் என்று ஊரில் சொன்னார்கள். ஆனால் கொடியில் அவர் சட்டை தினமும் காயும். வருவதும் போவதுமாக இருக்கிறார்போல, இப்போதெல்லாம் கப்பல்காரர்களுக்கு இவ்வளவு லீவா கொடுக்கிறார்கள் என்று எரியும். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவர் சட்டையை உதறிக் காயப்போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொடி ஞாபகம் வரும்.

எல்லாவற்றையும்விட ஒரு கயிற்றுக் கட்டில்தான் என் உயிரை வாங்கியது. வேலை நாளில், பத்தரை மணிக்கு, முந்திரி மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பாள். உடம்பு மரத்துக்குள் மறைந்திருக்க, கால் இரண்டும் வெளியே தெரியும். நான் இங்கே ஏசி அறையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன இட்லியை மென்றுகொண்டு, அவள் தேய்த்த கண்ணாடி வழியாகவே அவள் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கொடுத்துவைத்தவள் என்று பல்லைக் கடிப்பேன்.

இதில் ஒரு விதியையும் மீறிக்கொண்டிருந்தேன். தரப் பிரிவுக்காரர்களுக்கு இரண்டு லாகின் உண்டு. சோதனை லாகினில் நாங்கள் எதைப் பார்த்தாலும் அது வேறெதையும் பாதிக்காது. ஆனால் படம் ஆறு மணி நேரம் பிந்தித்தான் வரும். நேரடி லாகினில் படம் அப்போதே வந்துவிடும். ஏதாவது கோளாறு என்றால் மட்டும் அதைத் திறக்க வேண்டும். அவள் இப்போது என்ன செய்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஆறு மணி நேரம் பொறுக்கிற மனசு எனக்கு இல்லை.

மாசி மாதம் ஒருநாள் அருள்வரதன் என் மேஜைக்கு வந்தான். கோயம்புத்தூர்க்காரன், கெட்டிக்காரன். 'தேர்வி' என்கிற மென்பொருளை எழுதியவன். கோள்கள் நாற்பத்தெட்டு இருந்தாலும் ஒரு சுற்றில் எடுக்கக்கூடியது கொஞ்ச இடம்தான். எங்கே எடுப்பது, எதை விடுவது என்று முன்பு ஆட்கள் உட்கார்ந்து பட்டியல் போடுவார்கள். இப்போது அதைத் தேர்விதான் தீர்மானிக்கிறது. அதற்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றான் அருள்வரதன். ஆள் இல்லாத குதிரைமொழித் தேரிக்கு ஒரு நாளைக்கு ஒன்பது தடவை போகிறது, அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டான்.

மணல்தான் இருக்கிறது என்றேன். அப்புறம், தெரியாதவள் மாதிரி, அது எதை வைத்துத் தீர்மானிக்கிறது என்று கேட்டேன்.

"யாரு எந்தப் படத்தை எவ்வளவு நேரம் பாக்கறாங்க, திரும்பத் திரும்ப எங்க வர்றாங்க, அதைப் பாத்துத்தானுங்க்கா அது கத்துக்குது. ஆளுங்க ரொம்ப நேரம் பாக்கற எடம் முக்கியமான எடம். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். எதுக்காகப் பாக்கறாங்கன்னு அதுக்குத் தெரியாதுங்க."

வாடிக்கையாளர் பார்ப்பது மட்டுந்தானே சேரும் என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். தேர்வியை ஆரம்பித்தபோது வாடிக்கையாளரே இல்லையாம். தரப் பிரிவு பார்ப்பதை வைத்துத்தான் அதற்குப் பாலபாடம் சொல்லிக் கொடுத்தானாம். தரப் பிரிவில் ஒருவர் பார்த்தால் அது நாற்பது வாடிக்கையாளர் பார்த்ததற்குச் சமம் என்று வைத்திருந்தானாம். பிறகு அதை எடுக்கவில்லை. நீங்கள் எல்லாரும் சோதனை லாகினில்தானே இருக்கிறீர்கள், அதனால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன் என்றான். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். செம்மணல் வெயிலில் மினுங்கும், அது ஏமாந்திருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். பதினாறு வருஷ அனுபவக்காரி சொன்னால் நம்பாமல் என்ன செய்வான். ஆனால் யோக்கியன். அந்த வார அறிக்கையில், தேரிப் பக்கம் தேர்வி அடிக்கடி போவதற்கு 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டான்.

அது பெரிய வம்பாகிவிட்டது. எங்கள் கம்பெனி படம் மட்டும் விற்கவில்லை. தேர்வியின் பார்வை இந்த வாரம் எங்கெல்லாம் அதிகமாகப் போகிறது என்று ஒரு கவனப் பட்டியலும் விற்றது. படத்தைவிட அதற்குத்தான் கிராக்கி. நாற்பத்தெட்டு கோள் திரும்பித் திரும்பிப் பார்க்கிற இடத்தில் ஏதாவது இருக்கத்தானே வேண்டும் என்று பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள். பட்டியலில் ஒரு தேரி மேடு மேலே மேலே ஏறுகிறது, காரணம் தெரியவில்லை என்று வேறு போட்டிருக்கிறது. தெரிந்துகொண்டே மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தேரி மணலில் தாது உண்டு என்பது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எவனோ முந்திக்கொள்வதற்குள் நாம் முந்திக்கொள்வோம் என்று ஒரு தாது மணல் கம்பெனி மனுப் போட்டு, இரண்டே மாதத்தில் முதற்கட்ட அனுமதியும் வாங்கிவிட்டது. சுற்றிலும் புறம்போக்கு. நடுவில் பட்டா நிலம் என்று இருந்தது பிரிசில்லாவின் மூன்று ஏக்கர் மட்டும். காலி செய்யச் சொல்லி அவளுக்கு நோட்டீஸ் போயிற்று.

கேன்டீனில் செய்தியைக் கேட்டபோது, அடப் பாவமே என்று வாய் சொன்னது. கையிலிருந்த டீ இனித்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, இனிக்கத்தான் செய்தது. அன்றைக்கு ஒன்பது படம் வந்தது. காலை ஆறரையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒன்பதிலும் அவள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். நாய் பக்கத்தில் படுத்திருந்தது. முருங்கைக்குத் தண்ணீர் விடவில்லை, அடுப்புப் புகை இல்லை. நிலம் போகிற துக்கம், கொஞ்சம் தெரியட்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இரண்டு மூன்று நாளில் டீ கசந்துவிட்டது. என்ன இருந்தாலும் எனக்குச் சேலை கட்டிவிட்டவள். மணலுக்குள் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேர்வி அங்கே போனதற்குக் காரணம் நான் என்று ஒரு வார்த்தை சொன்னால், பட்டியல் திருத்தப்படும், தாதுக்காரன் போட்ட மனுவே ஆட்டம் கண்டுவிடும். அவள் நிலம் அவளிடம் இருக்கும். ஆனால் என் வேலை போய்விடும். அருள்வரதனுக்கு மூன்று தடவை மெயில் எழுதினேன், மூன்று தடவையும் அழித்தேன். கலெக்டர் ஆபீஸில் கருத்துக் கேட்புக் கூட்டம் வெள்ளிக்கிழமை என்றார்கள். அது முடிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. சரி, விதி விட்ட வழி என்று இருந்தேன். அப்படியே இருந்திருப்பேன்.

புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் துறைமுகத்திலிருந்து வந்து, சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

"ஏளா, ஒன் சிநேகிதிக்கு யோகத்தப் பாத்தியா. அந்த மூணு ஏக்கர் மணலுக்குப் பதிலா ஏரல்ல பத்து ஏக்கர் நஞ்சை குடுக்கானாம். ஆத்துப் பாசனம். வாழை கொலை தள்ளி நிக்காம். எங்க சூப்பரவைசரு மச்சான்தான் பத்திரம் எழுதப் போறாரு."

நான் தோசைக் கரண்டியோடு நின்றேன். ஏரல் நஞ்சை. என் அப்பா வாழ்நாள் பூராவும் ஏரலில் அடுத்தவன் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். அரை ஏக்கர், அரையே அரை ஏக்கர் சொந்தமாக இருந்தால் போதும் என்று சொல்லிச் சொல்லியே செத்தார். அவளுக்குப் பத்து ஏக்கர். அதுவும் எதனால்? நான் பார்த்ததால். நான் ஒரு வருஷமாகக் கண் எரிய எரிய உட்கார்ந்து பார்த்ததற்கு வாழைத்தோட்டம் அவளுக்கு. அவள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள், அவ்வளவுதான் அவள் செய்தது. தோசை கருகியது. அவர் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு அருள்வரதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். தேர்வி கெட்டதற்குக் காரணம் நான்தான் என்றேன். நேரடி லாகின் பதிவை அவனே எடுத்தான். திரையில் வரிசையாக வந்தது. ஒவ்வொரு நாளும் பத்து முப்பத்திரண்டு, பதினோரு நிமிஷம். பக்கம் பக்கமாக அதுவே. அவன் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனான். முகம் வெளுத்துவிட்டது.

"எதுக்குங்க்கா?" என்று மட்டும் கேட்டான்.

அங்க என் சிநேகிதி இருக்கா, பார்க்கணும்போல இருந்துச்சு என்றேன். வேலையை விட்டு விலகுகிறேன் என்று அங்கேயே கடிதம் எழுதினேன். 'மனசாட்சி உறுத்துவதால், என் தோழியின் நிலம் என் தவறால் பறிபோகக் கூடாது என்பதால்' என்று நல்ல தமிழில் எழுதினேன். மனசாட்சியாவது மண்ணாங்கட்டியாவது. அவளுக்கு அந்தப் பத்து ஏக்கர் போகக் கூடாது. அது ஒன்றுதான் என் நெஞ்சில் இருந்தது. அதற்காகப் பதினாறு வருஷ வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது.

பட்டியல் வாங்கிய அத்தனை பேருக்கும் கம்பெனி திருத்தம் அனுப்ப வேண்டியிருந்தது. காரணமும் சொல்ல வேண்டும் என்பது விதி, என் கடிதத்தையே சேர்த்து அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டம் தள்ளிப்போயிற்று. தாதுக்காரர்கள் அப்போதுதான் மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். மற்றத் தேரியில் இருக்கிற அளவுதான் இங்கேயும் இருந்தது, ஆலை போடுகிற அளவுக்கு இல்லை. மூன்று வாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏரல் வாழைத்தோட்டமும் போயிற்று. எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

அதற்குள் கடிதம் வெளியே வந்து, பேப்பரில் 'தோழிக்காக வேலையைத் துறந்த பெண்' என்று போட்டுவிட்டார்கள். போட்டோ வேறு. திருச்செந்தூர் கோயிலில் முன்பின் தெரியாத அம்மா ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் வேலை போனதற்கு இரண்டு நாள் கத்திவிட்டு, மூன்றாம் நாள் அந்தப் பேப்பரை லேமினேட் பண்ணிக் கொண்டுவந்தார். நான் கூசிப்போனேன் என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் பிரிசில்லா நிற்கிறாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். ஒரு வருஷமாக நான் அவள் உச்சந்தலையை மட்டுமே பார்த்திருந்தேன். முகத்தைப் பார்த்ததும் திக்கென்றது. கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்து, பத்து வயசு கூடிப்போயிருந்தாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஏரல் நிலம் போச்சே என்று நானே ஆரம்பித்தேன். என்னத்தைச் சொல்ல, அவள் வாயால் அந்த வருத்தத்தைக் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"எது, எனக்கா? நல்லாச் சொன்ன போ" என்றாள். "பட்டா அவுக பேர்ல கெடக்குளா. ஏரல் நெலம் அவுக பேருக்குத்தான் போயிருக்கும். அவுக கப்பல்ல இல்ல. கொழும்புல ஒருத்தி கூட இருக்காவ. வருசம் ஒண்ணாச்சு, ஒரு போன் கெடையாது."

அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். கப்பலில் இருக்கிறார் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாளாம். தனியாக ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று தெரிந்தால் அந்தக் காட்டில் இருக்க முடியாது என்று, பெட்டியில் கிடந்த அவருடைய பழைய சட்டைகளைத் தினமும் நனைத்துக் கொடியில் போடுவாளாம். பயத்தில் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு, விடிந்து நாலு பேர் நடமாட்டம் கேட்டபிறகுதான் கட்டிலில் போய் விழுவாளாம். தாதுக்காரன் வந்ததும் ஜெபராஜ் அங்கிருந்தே வக்கீலை வைத்துக் கையெழுத்துப் போட ஏற்பாடு செய்துவிட்டாராம். அவளுக்கு வீடும் இல்லை, கன்றும் இல்லை. வக்கீல் அதை நோட்டீஸ் வந்த அன்றைக்கே போனில் சொல்லிவிட்டார். இப்போது யாருக்கும் வேண்டாத நிலமாகிப் போனதால், அதை அவள் பேருக்கே எழுதிக் கொடுத்துவிடச் சம்மதித்திருக்கிறாராம். அடுத்த வாரம் பத்திரம்.

"நோட்டீஸ் வந்த மறுநா காலையிலேருந்து கெணத்தடியிலயே உக்காந்திருந்தேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பேப்பர்ல போட்டிருந்தான்லா, ஒருநாள் விடாம பாத்தாளாம்னு. அன்னைக்கும் பாத்தியாளா?"

"பாத்தேன்" என்றேன். அது உண்மைதான்.

"அதான்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். தேய்த்துத் தேய்த்துக் காய்ப்புக் கண்ட பழைய கை, இப்போது மண்வெட்டியால் இன்னும் காய்த்திருந்தது. "எறங்கிருவோம் எறங்கிருவோம்னு கெணத்துக்குள்ள காலத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கேன், என்னமோ எறங்க மனசு வரல. ஏன்னு எனக்கு வெளங்கவே இல்லளா. ஒருத்தி மேலேருந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கா. அதான் விடல."

எனக்கு அழுகை வந்தது. அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். என் முதுகைத் தடவிவிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒன்றும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விழுங்கிவிட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு பஸ்ஸுக்கு எழுந்தவள் வாசலில் நின்றாள். இனிமேல் தினமும் பத்து முப்பத்திரண்டுக்கு முற்றத்துக்கு வந்து கையாட்டுவேன், பார் என்றாள். லாகினைப் பறித்துக்கொண்டார்களே, வெளியே வாங்குகிற படத்தில் ஆளை அழித்துவிடுவார்கள், உனக்குத் தெரியாததா என்றேன்.

"தெரியும்ளா. அழிச்சா அழிக்கட்டும். அங்கன நான் நிக்கேன்னு ஒனக்குத் தெரியும்லா, அது போதும்" என்றாள்.

மறுநாள் எல்லாரும் வாங்குகிற மாதிரி நானும் ஒரு படம் வாங்கினேன். பத்து முப்பத்திரண்டு. வீடு இருந்தது, தொட்டி இருந்தது, கட்டில் இருந்தது, முருங்கை ஆள் உயரம் தாண்டியிருந்தது. முற்றத்தில் ஆள் இல்லை. வெறும் செம்மணல். பெரிதாக்கிப் பார்த்தேன். கிணற்றுக்கும் கொடிக்கும் நடுவே ஒரு இடத்தில் மணல் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது. இட்டு நிரப்பிய இடம். தரப் பிரிவில் பத்து வருஷம் இருந்தவள் கண்ணுக்குத்தான் அது தெரியும். அதற்குள்ளே நின்று கையாட்டிக்கொண்டிருக்கிறாள்.

பதினோரு நிமிஷத்துக்கு மேலேயே பார்த்தேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. தான் கிணற்றடியில் உட்கார்ந்திருந்த நாள் முழுக்க ஒருத்தி தன்னைப் பாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவள் நம்புகிறாள். சாகிறவரைக்கும் நம்புவாள். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. அதற்கும் எனக்கு அவள்மேல்தான் பொறாமை வந்தது.